ஈரக் கல்லின் நிறம்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 11, ஞாயிறு

ஆற்றில் தண்ணீர் வடிந்து சரளை மேடுகள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. விடிந்ததும் இறங்கிவிட்டேன். மெருகேற்றி நகையில் வைக்கக் கல் பொறுக்க, வெயில் தாழ்வாக விழும் நேரம்தான் தோது. சூரியனுக்கு எதிர்முகமாக நடந்தால், ஒளி ஊடுருவும் கற்கள் மட்டும் தனியாக ஒளிர்ந்து தங்களைக் காட்டிக்கொடுக்கும். உச்சிப்பொழுதில் அதே கல்லை மிதித்துக்கொண்டு போனாலும் தெரியாது. தேட வேண்டிய இடம் வளைவின் உட்புறம். அங்கேதான் நீரின் வேகம் தணிந்து, சுமந்து வந்ததையெல்லாம் இறக்கிவிட்டுப் போகிறது.

கிடைத்தவற்றில் பெரும்பாலும் பால்வெள்ளைக் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். செங்கல் நிற ஜாஸ்பர் கொஞ்சம். கட்டைவிரல் நுனி அளவில் தேன் நிற அகேட் ஒன்று, நடுவே ஒரு வெள்ளை வரி ஓடுகிறது. அதைப் பார்த்ததும் நெஞ்சு துள்ளியது.

எடுக்கக்கூடாத இடத்தில் எடுக்கக்கூடாது என்பதில் நான் கறார். அமெரிக்காவின் அரிசோனாவில், பழங்கால மரங்கள் கல்லாகிக் கிடக்கும் கல்மரக் காடு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்துப்போவது சட்டவிரோதம். எடுத்துப் போனவர்கள் பலர் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று தெரியாத கல்லை மறுபடி அதன் இடத்தில் வைக்க முடியாது. அங்கிருந்து வந்த கல் என்ற அடையாளமே போய்விடுகிறது.

ஜனவரி 12, திங்கள்

அக்கா மகள் வந்திருந்தாள். வாளித் தண்ணீரில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் பரப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, முகம் சுருங்கி வந்து நின்றாள்.

"சித்தி, காஞ்சதும் எல்லாமே செத்துப்போச்சு."

இந்த வேலையில் இறங்குகிற எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆற்றில் உருண்ட கல்லின் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய கீறல்கள். வெளிச்சம் அங்கேயே சிதறிவிடுவதால் கல் வெளுத்துத் தெரிகிறது. தண்ணீர் அந்தக் கீறல்களை நிரப்பும்போது உள் நிறம் தெரிகிறது. தண்ணீர் கடனாகக் கொடுக்கிற அந்த நிறத்தைக் கல்லுக்கே சொந்தமாக்குவதுதான் மெருகு. மேலே வார்னிஷ் பூசிவிட்டால் போதுமே என்பார்கள். எனக்கு அது ஒப்பாது. பூச்சு நாளடைவில் கீறும், மஞ்சளிக்கும். அப்போது பார்ப்பது பூச்சைத்தான், கல்லை அல்ல.

ஆனால் எல்லாக் கல்லும் மெருகு ஏற்காது. அதற்குத்தான் சோதனை. கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் மிக மென்மையான டால்க் 1, மிகக் கடினமான வைரம் 10. குவார்ட்ஸ் 7. அகேட்டும் ஜாஸ்பரும் குவார்ட்ஸ் குடும்பம் என்பதால் அதையொட்டியே வரும். சாதாரணக் கத்தி முனை ஐந்தரைக்குப் பக்கம். கத்தி கீறினால் அந்தக் கல்லை மோதிரத்துக்கு வைக்க மாட்டேன். ஒரு சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் சுண்ணாம்புக்கல், அதுவும் வேறு தட்டுக்கு.

விரிசல் பார்க்க ஒரு வழி உண்டு. கல்லை நனைத்துவிட்டு, அது காய்வதை உற்றுப் பார்க்க வேண்டும். முகம் முழுக்க வெளுத்த பிறகும் மயிரிழை போல ஒரு கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நிற்கும். அதுதான் விரிசல். அழகான ஜாஸ்பர்கள் பல இதில்தான் கழிந்தன. தேன் நிற அகேட் முழுசாகத் தேறியது.

இரவு விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு வெள்ளைக் குவார்ட்ஸ் கற்களை ஒன்றோடொன்று அழுத்தித் தேய்த்துக் காட்டினேன். உள்ளே மங்கிய ஒளி பளிச்சிட்டது. அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

ஜனவரி 17, சனி

தேறிய கற்கள் உருட்டும் இயந்திரத்துக்குள் போயின. பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்கு கல், கற்களின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர், கல்லை அரைக்கும் 60/90 சிலிக்கான் கார்பைடு பொடி (எண் ஏற ஏறப் பொடி நுண்மையாகும்). ஒரே கடினத்தன்மை உள்ளவை மட்டும்தான் ஒன்றாக. இளகிய கல் ஒன்று சேர்ந்தால் மற்றவை அதை அரைத்துத் தள்ளிவிடும். வாரம் ஒரு படி: அடுத்து 120/220, பிறகு 500, கடைசியில் மெருகுப் பொடி.

அகேட்டை இதில் போடவில்லை. வரி எங்கே நிற்க வேண்டும் என்பதை இயந்திரம் தீர்மானிக்க விடக்கூடாது.

ஜனவரி 25, ஞாயிறு

பீப்பாயைத் திறந்து கழுவிப் படி மாற்றினேன். வண்டலைச் சாக்கடையில் கொட்டினால் குழாய்க்குள் இறுகிவிடும். வாளியில் படியவிட்டுக் குப்பையோடு போக்கிவிட வேண்டும்.

அப்புறம் அகேட். குச்சி நுனியில் அரக்கை உருக்கி, கல்லையும் லேசாகச் சூடாக்கி ஒட்டினேன். சூடு இல்லாத கல்லில் அரக்கு பிடிக்காது. முதலில் விளிம்பைச் சுற்றி முட்டை வடிவம், பிறகு பக்கத்திலிருந்து உச்சிக்குக் குவித்துக்கொண்டே போவது. சாணைச் சக்கரத்தில் தண்ணீர் இடைவிடாமல் சொட்ட வேண்டும். இதில் சமரசமே கிடையாது. உலர்ந்த குவார்ட்ஸ் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் போகாது. நனைத்துத் தேய்ப்பதோடு நல்ல முகக்கவசமும் போடுகிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

உப்புத்தாள் நாள். 220, 400, 600, 1200. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய கீறல் குறுக்கே நின்று இன்னும் போகவில்லை என்று சொல்லிவிடும். நனைந்த கல்லில் இந்தக் கீறல் தெரியாது. துடைத்துக் காயவைத்துத்தான் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டிய இடம் இதுதான். மெருகுப் பொடி எந்தக் கீறலையும் மன்னிக்காது.

பிப்ரவரி 8, ஞாயிறு

கம்பளித் தட்டில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியின் குழம்பு. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தட்டு காயத் தொடங்கி, கல்லைப் பிடித்து இழுக்கும் அந்தக் கட்டத்தில்தான் மெருகு ஏறுகிறது. ஆனால் சூடும் அப்போதுதான் ஏறும், அடிக்கடி கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். துடைத்துப் பிடித்தபோது ஜன்னல் சட்டம் வளையாமல், உடையாமல் அதில் தெரிந்தது. தேன் நிறம், வெள்ளை வரி, ஆற்றில் பார்த்ததைவிட ஆழமாக. கல் உலர்ந்துதான் இருந்தது!

பிப்ரவரி 15, ஞாயிறு

மணிக்காக ஒரு சிவப்பு ஜாஸ்பரைத் துளைத்தேன். தண்ணீருக்குள் வைத்து, வைர முனை டிரில்லால், இரண்டு பக்கமிருந்தும். ஒரே பக்கமாகப் போனால் வெளிவரும் இடத்தில் சில்லு பெயர்ந்துவிடும். சிந்துவெளியின் சன்ஹுதாரோவில் 1935-36 அகழாய்வில் மணிப் பட்டறையே வெளிப்பட்டது. பாதியில் நின்ற மணிகளும் கல்லாலான துளைமுனைகளும் கிடைத்தன. சிந்துவெளிச் சூதுபவள மணிகள் மெசபடோமியாவின் 'ஊர்' (Ur) என்ற பழம்நகரத்தின் கல்லறைகள் வரை போயிருக்கின்றன. என் கையில் வைரம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. கல்லைக் கொண்டே கல்லைத் துளைத்த அந்தக் கைகளை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அகேட்டுக்கு வெள்ளிக் கட்டு. சுற்றுப்பட்டை 99.9 சதவீதச் சுத்த வெள்ளி, வளைந்துகொடுக்கும் என்பதால். அடித்தகடு 92.5 சதவீத வெள்ளி. வெங்காரம் தடவிப் பற்றவைக்கும் வேலை முழுவதையும் கல் வைப்பதற்கு முன்பே முடித்தாயிற்று. அந்த நெருப்பு அகேட்டை வெடிக்க வைத்துவிடும். தகட்டின் நடுவே ஒரு சாளரமும் அறுத்தேன். பின்னால் மூடிவிட்டால் ஒளி ஊடுருவும் கல்லை வைத்து என்ன பயன்?

பட்டையை எதிரெதிர் முனைகளில் மாறி மாறி அழுத்தி மடித்து முடிக்கும்போது அக்கா மகள் பக்கத்தில் நின்றாள். வரி படுக்கையாக வரும்படி வைக்கலாம் என்றிருந்தேன். "வேணாம் சித்தி, சாய்ச்சு வை. தண்ணி ஓடுற மாதிரி" என்றாள். சாய்த்தே வைத்தேன். உருட்டிய கற்களும் இன்று வெளியே வந்துவிட்டன, அதில் அவள் தோட்டுக்கு ஜோடி சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.