எல்.ஏ.சி.பி ஏறவில்லையா? கம்பியைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், லெனேஷியா என்று எங்கே இருந்தாலும் சரி, சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வு) படிக்கிற பிள்ளைக்காகப் பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகளை வாங்கி அடுக்க வேண்டியதில்லை. அவற்றின் விசிறிச் சத்தத்தில் பக்கத்து அறையில் கூடத் தூங்க முடியாது. ப்ரீபெய்ட் மீட்டரில் யூனிட்டும் கரையும். 32 ஜி.பி ரேமும் ஒரு எஸ்.எஸ்.டியும் உள்ள பழைய டெஸ்க்டாப் போதும்; ஸ்விட்சுகளை அதிலேயே மென்பொருளாக (வி.எம்) ஓட்டலாம்.

சிசிஎன்ஏவுக்கு மட்டும் என்றால் சிஸ்கோவின் லேப் மென்பொருளான சி.எம்.எல்லின் இலவசப் பதிப்பில் தொடங்கலாம். ஒரே நேரத்தில் 5 நோடு (மென்பொருள் கருவி) ஓடும். அரிஸ்டா நிறுவனத்தின் தளத்தில் கணக்கு திறந்தால் அதன் ஸ்விட்ச் மென்பொருளான வி.இ.ஓ.எஸ், சி.இ.ஓ.எஸ் லேப் இமேஜ்கள் காசில்லாமல் கிடைக்கும். சிஸ்கோவின் மென்பொருள் ஸ்விட்சான ஐ.ஓ.எஸ்.வி எல்2 ஒன்றுக்குச் சுமார் 1 ஜி.பி ரேம் வேண்டும், வி.இ.ஓ.எஸ்ஸுக்கு 2 முதல் 4. சிஸ்கோவின் டேட்டா சென்டர் ஸ்விட்சான நெக்ஸஸ் 9000வி குறைந்தது 8 ஜி.பி கேட்கும், அதனால் 32 ஜி.பி மெஷினில் இரண்டுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். பயாஸில் விடி-எக்ஸ் அல்லது ஏ.எம்.டி-வி (வி.எம் ஓட்ட உதவும் ப்ராசஸர் வசதி) திறந்திருக்கட்டும். விண்டோஸுக்குள் வி.எம்வேர் வைத்து ஓட்டினால் மெமரி இன்டெக்ரிட்டியை (விண்டோஸின் ஒரு பாதுகாப்பு வசதி) அணைத்துப் பாருங்கள். பல சமயம் குறுக்கே நிற்பது அதுதான்.

பலரும் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். லினக்ஸில் வி.எம் ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸிலோ வெறும் கே.வி.எம்மிலோ இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே, கம்பிக்குப் பதிலாக, லினக்ஸ் பிரிட்ஜ் என்ற மென்பொருள் இணைப்பைப் போட்டிருப்பார்கள். அண்டைக் கருவியைக் காட்டும் சிஸ்கோ நெறிமுறையான சி.டி.பியில் அண்டை ஸ்விட்ச் தெரியும். நெட்வொர்க்கில் சுழற்சியைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயும் (எஸ்.டி.பி) சரியாக இருக்கும். பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் எல்.ஏ.சி.பி மட்டும் ஏறாது, சி.டி.பி போலவே அண்டையைக் காட்டும் பொதுத் தரமான எல்.எல்.டி.பியில் யாரும் தெரியமாட்டார்கள். உடனே இமேஜில்தான் கோளாறு என்று வேறு இமேஜ் தேடுவார்கள்.

01-80-சி2-00-00-00 முதல் 0எஃப் வரையிலான முகவரிகளுக்குப் போகும் ஃபிரேம்களைப் பிரிட்ஜ் கடத்தக்கூடாது என்பது 802.1 விதி. எல்.ஏ.சி.பி 02இல் முடியும் முகவரியில் போகிறது, எல்.எல்.டி.பி 0ஈயில். லினக்ஸ் பிரிட்ஜ் விதிப்படி இரண்டையும் விழுங்கிவிடுகிறது. சி.டி.பியின் முகவரி சிஸ்கோவின் சொந்த முகவரி, அதனால் தடையில்லை. ஸ்பானிங் ட்ரீ 00இல் போனாலும், பிரிட்ஜின் சொந்த எஸ்.டி.பி அணைந்திருந்தால் லினக்ஸ் அதை விட்டுவிடும்.

இந்த முகவரிகளில் எவற்றைக் கடத்தலாம் என்று சொல்லும் குரூப் ஃபார்வர்ட் மாஸ்க்கைப் பிரிட்ஜுக்கு 16384 என்று வைத்தால் எல்.எல்.டி.பி போகும். எல்.ஏ.சி.பிக்கான 4ஐ பிரிட்ஜ் ஏற்காது, கெர்னலே மறுக்கிறது. ஆனால் கெர்னல் 4.15 முதல் அதே மாஸ்க்கைப் போர்ட்டுக்கு வைக்கலாம், அங்கே 4 செல்லும். இரண்டும் வேண்டுமானால் 16388. ஃபிரேம் உள்ளே வரும் போர்ட்டைத்தான் கெர்னல் பார்க்கிறது, ஆகவே இரண்டு முனையின் டாப் இன்டர்ஃபேஸிலும் (வி.எம்மைப் பிரிட்ஜில் சொருகும் போர்ட்) வையுங்கள். வி.எம் அணைந்து எழும்போது டாப் புதிதாகப் பிறக்கும், மாஸ்க் பறந்துவிடும்; ப்ராக்ஸ்மாக்ஸில், வி.எம் எழும்போது தானே ஓடும் ஹுக் ஸ்கிரிப்டில் எழுதிவிடுவது நல்லது. இந்தத் தலைவலியே வேண்டாமென்றால் ஜி.என்.எஸ்3 என்ற லேப் மென்பொருள் இருக்கிறது. அது நோடுகளை யு.டி.பி டனலில் இணைக்கிறது, நடுவில் லினக்ஸ் பிரிட்ஜ் கிடையாது.

ஸ்விட்சில் இணைப்புகளைக் கட்டும் சேனல்-குரூப்பை 'ஆன்' என்று மாற்றிச் சமாளிக்காதீர்கள். ஏறியதுபோல் காட்டும், பேச்சுவார்த்தை எதுவும் நடந்திருக்காது.

நிஜ ஸ்விட்சுகளிலிருந்து இன்னொரு வேற்றுமை: ஒரு பக்கம் போர்ட்டை ஷட் செய்தாலும் மறுபக்கம் லிங்க் 'அப்' என்றே பெரும்பாலும் நிற்கும். எல்.ஏ.சி.பி சாதாரண வேகத்தில் 30 விநாடிக்கு ஒரு பொட்டலம், மூன்று தவறினால்தான் விடும். அதாவது 90 விநாடி. ஃபாஸ்ட் ரேட் வைத்தால் 3 விநாடி. இந்தக் கணக்கைத் தெரியாமல் ஃபெயில்-ஓவர் சோதித்தால் எல்லாமே உடைந்ததாகத் தோன்றும்.

லோட் ஷெடிங் முன்போல் இல்லை. ஆனாலும் மின்சாரம் பட்டென்று போனால் ஓடிக்கொண்டிருக்கும் கியூகவ்2 டிஸ்க் (வி.எம்மின் டிஸ்க் கோப்பு) கெடக்கூடும். சின்ன யு.பி.எஸ் ஒன்று வையுங்கள், இரண்டு மணி நேரம் ஓட்டுவதற்கல்ல, ஒழுங்காக அணைக்க. ஈவ்-என்ஜி என்ற லேப் மென்பொருளில் 'ரைட்' (சேமிக்கும் கட்டளை) மட்டும் போதாது; அது நோடின் தற்காலிக டிஸ்க்கில்தான் உட்காரும், 'வைப்' கொடுத்தால் அதோடு போய்விடும். கான்ஃபிகை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.