பாரம் ஏறினால் தளரும் எஞ்சின்

6 ஜூலை 2025, ஞாயிறு

நிபோங் தெபால், கெரியான் ஆறு. இறால் தூண்டிலுக்குப் புறப்பட்ட படகு இன்றும் பாதி வழியில் தளர்ந்துவிட்டது. எஞ்சின் 15 குதிரைத்திறன் கொண்ட பழைய டூ ஸ்ட்ரோக். நான் தனியே போகும்போது பாதி விசையே போதுமாக இருப்பதால் குறை எதுவும் தெரிவதில்லை. மச்சானும் அவர் மகனும் ஐஸ் பெட்டியோடு ஏறி, விசையை முழுவதும் திருகினால், இரண்டு நிமிடத்துக்குள் சத்தம் கம்மி, படகின் பின்பகுதி நீரில் அமுங்கிவிடுகிறது. நீரைத் தள்ளும் விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்குகிறது என்கிறார் மச்சான். அப்படி வழுக்கினால் எஞ்சின் சத்தம் கூடவேண்டுமே தவிரக் குறையக்கூடாது.

8 ஜூலை, செவ்வாய்

பிளக் இரண்டையும் மாற்றினேன். தோம்பில் (பீப்பாயில்) நீர் நிரப்பி ஓடவிட்டபோது கடிகாரம்போல் ஓடியது. சென்ற மாதம் 180 ரிங்கிட் வாங்கிக்கொண்டு கார்புரேட்டரைக் கழுவித் தந்த பட்டறையிலும் இப்படித் தோம்பில் ஓட்டிக் காட்டித்தான் அனுப்பினார்கள். பாரமில்லாத எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் மிகக் கொஞ்சம். முழு விசையில் இதற்கு மணிக்கு ஏறத்தாழ 6 லிட்டர் வேண்டும். ஆற்றில் தெரியும் குறை தோம்பில் எப்படித் தெரியும்?

12 ஜூலை, சனி

மூவரும் ஏறினோம். பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும், கையால் அமுக்கிப் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் ரப்பர் குமிழைக் கவனிக்கும்படி மருமகனிடம் சொல்லியிருந்தேன். எஞ்சின் தளரத் தொடங்கியதும், "மாமா, இது சப்பிப்போய்க் கிடக்கு!" என்று கத்தினான். அமுக்கச் சொன்னேன், சில நொடிகளுக்கு வேகம் திரும்பி, மறுபடி விழுந்தது. பிளக்கின் தீப்பொறியில் கோளாறாக இருந்தால் குமிழை அமுக்கிப் பயனிராது. குமிழ் உள்வாங்கிச் சப்பையாகிறது என்றால், எஞ்சின் இழுக்கிறது, டாங்கியிலிருந்து வரவில்லை. அடைப்பு குமிழுக்கு முன்னால், டாங்கிப் பக்கம் இருக்கிறது. மூடியின் காற்றுத்திருகு அடைத்திருக்குமோ என்று மூடியையே கழற்றிவைத்து ஓட்டினோம், மாற்றமில்லை.

அதற்குமேல் வலிந்து ஓட்டவில்லை. 20 லிட்டருக்கு 400 மில்லிலிட்டர் என்று எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் எஞ்சின் இது; பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் கீறிவிடும்.

13 ஜூலை, ஞாயிறு

டாங்கியின் உறிஞ்சுகுழாயைக் கழற்றி வெளியே எடுத்தேன். அதன் நுனியில் கட்டைவிரல் நகமளவு வலை. அதன்மேல் வெல்லப்பாகு காய்ந்ததுபோல் பழுப்புப் பசை. ஊசி முனைபோல் இரண்டு மூன்று கண்கள் மட்டும் திறந்திருந்தன. ஓராண்டு வீட்டடியில் கிடந்த டாங்கியில் பழைய கலவை ஆவியாகிப் படிந்த பசை அது. எஞ்சின் மூடிக்குள் இருக்கும் வடிகட்டி சுத்தமாக இருந்ததை நம்பி நான் ஏமாந்தது, தோட்டத்தில் 30 ஆண்டு கிராணியாகக் கணக்குச் சரிபார்த்தவனுக்கு வெட்கக்கேடு. அழுக்கு முன்னாலேயே நின்றுவிட்டதால்தான் அது சுத்தமாக இருந்தது.

வலையைக் கழுவி, டாங்கியை அலசி, புதுக் கலவை ஊற்றினேன். மாலையில் மூவரும் ஐஸ் பெட்டியோடு ஏறி, பத்து நிமிடம் முழு விசையில் ஓட்டினோம். மருமகன் குமிழின்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.