முன்னுரிமை சமமாக இருந்தால்

பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் சோதனைக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. அந்தக் கருவிகளை ஓட்டச் சொந்தமாக ஒரு குட்டி நிரல் மொழி வைத்திருக்கிறோம், அதன் நூலகத்தில் பிரையாரிட்டி கியூ, அதாவது வேலைகளை முன்னுரிமைப்படி வெளியே எடுத்துத் தரும் வரிசை, என் பொறுப்பு. அதில் பராமரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அதன் உள்ளே இருக்கும் ஹீப் என்ற மர அமைப்பு 1964இல் வில்லியம்ஸ் சொன்னது, கணினி படித்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது எழுதியிருப்பார்கள்.

போன வெளியீட்டில் ஹீப்பை இரண்டு கிளையிலிருந்து நான்கு கிளைக்கு மாற்றினோம். மரத்தின் உயரம் பாதியாகும், நான்கு பிள்ளைகளும் நினைவகத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதால் கேஷுக்கும் (செயலியை ஒட்டிய வேக நினைவகத்துக்கும்) தோது; 2021இல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 6இல் வந்த பிரையாரிட்டி கியூவும் நான்கு கிளைதான். எங்கள் டெஸ்ட் எல்லாம் பாஸ். அப்புறம்தான் சோதனைக் குழுத் தம்பி வந்தான். "அண்ணே, ஒரே பிரையாரிட்டி உள்ள வேலையெல்லாம் வரிசை மாறி வருது லா."

சமமானவை எந்த வரிசையில் வரும் என்று நாங்கள் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பழைய ஹீப்பில் ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே வரிசை வந்தது, அவர்கள் அதையே சரியான விடையென்று ஃபைலில் சேமித்து ஒப்பிட்டு வந்திருக்கிறார்கள். அவனும் விடவில்லை. "ஜிஎச் அவசரப் பிரிவுல அவ்வளவு அவசரமில்லாதவங்களுக்கான பச்சை மண்டலத்துல ரெண்டு பேர் இருந்தா, முதல்ல வந்தவரத்தானே கூப்பிடுவாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் அப்படிச் செய்ய ஒவ்வொரு வேலையோடும் ஒரு வரிசை எண்ணைச் சுமக்க வேண்டும், சமமாகும் போதெல்லாம் கூடுதலாக ஒரு ஒப்பீடு, வரிசையைப் பற்றிக் கவலையே இல்லாதவர்களும் சேர்ந்து அந்த விலையைக் கொடுக்க வேண்டும். ஜாவாவும் சமமானவற்றுக்கு எந்த உறுதியும் தருவதில்லை. பைத்தான் ஆவணம் சொல்லும் வழியைத்தான் அவனுக்கும் காட்டினேன்: முன்னுரிமையோடு ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணையும் சேர்த்துப் போடு. முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான்.

நான் அதோடு நிற்கவில்லை. பிழை தேடுவதற்கான டீபக் பதிப்பில் சமமானவற்றை வேண்டுமென்றே கலைத்துப் போடும்படி செய்தேன். கோ மொழி மேப் என்ற அட்டவணையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும்போது செய்வதும் இதுதான், யாரும் தற்செயலை நம்பிவிடக் கூடாது. மேலாளருக்குப் பிடிக்கவில்லை, ஓடுகிறதை ஏன் கெடுக்கிறாய் என்றார். அந்தக் கலைப்பை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அதே தம்பி, கியூவில் கிடக்கும் வேலையின் முன்னுரிமையை நடுவில் மாற்ற வழி கேட்கிறான். அதற்கு ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று தனிக் கணக்கு வேண்டும், இல்லையென்றால் முழுதும் தேட வேண்டும். பழையதைச் செல்லாது என்று குறித்துவிட்டுப் புதிதாக ஒன்று போடு, செல்லாதது வெளியே வரும்போது தள்ளிவிடு என்றிருக்கிறேன். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.