படுக்கும் இடத்தைப் பகலிலேயே பார்த்துவிடுங்கள்

ஆற்றங்கரையில் இரவு தங்கப் போகிறவர்கள் கூடாரம், விளக்கு, அடுப்பு என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எங்கே படுக்கப் போகிறீர்கள்? வெளிச்சம் இருக்கும்போதே அதை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

இந்த மாசியில் தம்பி மகள் அமெரிக்காவிலிருந்து கடலூர் வந்திருந்தாள். நியூ மெக்சிகோவில் படிக்கிறாள். அங்கே கிலா தேசியக் காட்டுக்குள், கிலா ஆற்றின் கரையில், தோழிகளோடு போய்த் தங்குவது அவள் வழக்கம். குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, செல்போன் எடுக்காது. சாலை போடாமல், வண்டி விடாமல் காட்டைக் காடாகவே விட்டுவைப்பது என்று அந்த நாடு முதன்முதலில் ஒதுக்கிய பகுதி அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது, ஒதுக்கியது 1924-இல். "அத்தை, நம் பெண்ணையாற்றில் அப்படி ஒரு ராத்திரி இருக்கலாமா?" என்று கேட்டாள். எனக்கு அந்த ஆசை சிறு வயதிலிருந்தே உண்டு. உடனே சரி என்றேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே தேசியக் காடுகளில் பெரும்பாலும் ஒரே இடத்தில் 14 நாள் வரை கூடாரம் போட்டுக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. நம் காப்புக்காடுகளில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம்; 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பிச்சாவரம் பக்கத்தில்தானே இருக்கிறது, அலையாத்திக் காட்டுக்குள் படகை ஒதுக்கிவிட்டுப் படுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் போனது நெல்லிக்குப்பம் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு பட்டா நிலத்துச் சவுக்குத் தோப்புக்கு. தோப்புக்காரர் தெரிந்தவர். எதிர்க்கரை பாகூர்ப் பக்கம்.

போய்ச் சேர்ந்ததும் அவள் மணலில் சமமான ஓர் இடத்தைக் காட்டினாள். நான் மேலே பார்க்கச் சொன்னேன். கரையோரக் கருவேல மரத்தில், என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில், கிழிந்த உரச்சாக்கும் வைக்கோலும் ஒரு குழந்தையின் சட்டையும் கிளையில் சுற்றிக் காய்ந்து கிடந்தன. வெள்ளம் மாட்டிவிட்டுப் போனவை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் ஊத்தங்கரைப் பக்கம் கொட்டிய மழை சாத்தனூர் அணைக்கு வந்து சேர்ந்தது. அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது, அதுவும் நள்ளிரவு தாண்டிய நேரத்தில். கடலூர்க்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். இந்த ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் புறப்பட்டு, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை தாண்டி 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடி நம்மிடம் வருகிறது. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருப்பதை வைத்து ஆற்றை எடை போட முடியாது. மாசியில் ஆறு வறண்டுதான் கிடந்தது. ஆனாலும் மணலில் படுக்கவில்லை. கரை ஏறி, தோப்பின் ஓரத்தில் மேட்டில் இடம் பார்த்தோம். கிலாவிலும் கோடை மழைக் காலத்தில் திடீர் வெள்ளம் வரும், மேட்டில்தான் படுப்போம் என்று அவளும் சொன்னாள்.

அடுத்தது தரை. நான் செவிலியராக வேலை பார்த்த காலத்தில் விடியற்காலையில் வயிற்றுவலி என்று சிலரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கண்ணிமை தானாக மூடிக்கொள்ளும், பேச்சு குழறும். உடம்பில் தேடினால் கடிவாய்கூடத் தெரியாது. ராத்திரி எங்கே படுத்தார் என்று கேட்டால் தரையில் என்பார்கள். கட்டுவிரியன். அது கடித்தால் பல பேருக்கு வலியே இருக்காது. தூக்கத்தோடு தூக்கமாக விஷம் ஏறிவிடும். சந்தேகம் வந்த அந்த நிமிடமே விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கூடாரம் என்றால் ஜிப்பை ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல் மூடுங்கள். பாயும் கொசுவலையும் என்றால் வலையின் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். ராத்திரி எழுந்தால் டார்ச் அடிக்காமல் காலைக் கீழே வைக்கக் கூடாது. விறகுக் குவியல், கல் குவியல், புற்று, எலி வளை இவற்றின் பக்கத்தில் படுக்கை வேண்டாம். நாங்கள் முதலில் பார்த்த மேட்டில் வளைகள் இருந்தன. தோப்புக்காரர், "இங்கே வேண்டாம்மா, அந்தப் பக்கம் போங்கள்" என்று கூட்டிப்போய் வேறு இடம் காட்டினார்.

தண்ணீர்தான் எனக்குப் பிடித்த வேலை. ஆற்று நடுவில் ஊற்று தோண்டினோம். மேல் மணல் சுட்டது. ஒரு சாண் போனதும் குளிர்ந்தது. இன்னும் போகப் போக நிறம் கறுத்து, உருட்டினால் உருண்டையாக நின்றது. முழங்கைக்கு மேல் கை போன பிறகுதான் பக்கவாட்டிலிருந்து நீர் கசிய ஆரம்பித்தது. முதலில் ஊறியது கலங்கல். கொட்டாங்கச்சியால் அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திரும்ப ஊறும், திரும்ப இறைக்க வேண்டும். பிறகு அடியில் மணல் துகள் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி தெளிந்து நின்றது. அவள் குப்புறப் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிறுமியாக இருந்தபோது மணிக்கட்டு அளவு தோண்டினாலே நீர் வந்துவிடும். இத்தனை மணலை அள்ளிக்கொண்டு போன பிறகு நீர் கீழேதான் போகும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. தெளிந்த நீர் என்பதற்காக அப்படியே குடிக்காதீர்கள். மணல் கலங்கலை வடிக்கும், கிருமியை வடிக்காது. கொதிக்கவைத்துத்தான் குடித்தோம்.

சவுக்குச் சருகில் நெருப்பு பற்றினால் தோப்பே போய்விடும். அதனால் அடுப்பை மணலில் மூட்டினோம், காற்று ஆற்றுப் பக்கம் வீசுகிற நேரத்தில், கையருகே ஒரு குடம் நீரோடு. கஞ்சி, சுட்ட கருவாடு, சின்ன வெங்காயம். சாப்பிட்டு முடித்ததும் மீதிக் கருவாட்டைப் பையில் போட்டுக் கயிறு கட்டி, படுக்கையிலிருந்து தள்ளி இருந்த மரத்தில் உயரத் தொங்கவிட்டாள். அங்கே கரடிக்காக அப்படிச் செய்வார்களாம். இங்கே கரடி இல்லை. ஆனால் உணவு மணத்துக்கு நாயும் எலியும் வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். நல்ல பழக்கம், இனி நானும் செய்வேன்.

அவளிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொன்று மலம் கழிக்கிற முறை. நாம் இதைப் பேசக் கூச்சப்படுகிறோம், பிறகு ஆற்றோரம் முழுக்க அதை மிதித்துக்கொண்டு நடக்கிறோம். நீரிலிருந்து 200 அடி தள்ளி, அதாவது எழுபது எண்பது காலடி நடந்து போய், 6 அங்குலத்துக்குக் குறையாத குழி தோண்டி, முடித்ததும் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். ஆற்று மணலில் தோண்டாதீர்கள். மேலே உயிருள்ள மண்ணில்தான் சீக்கிரம் மக்கும். வெள்ளமும் அங்கே எளிதில் வராது. நாங்கள் ஒரு சிறிய களைக்கொட்டு கொண்டுபோயிருந்தோம். பெண்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாதவிலக்குத் துணிகளையும் பஞ்சுகளையும் மட்டும் புதைக்காமல் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ராத்திரி ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே இருந்தது. வக்கா என்கிற இராக்கொக்கு ஒன்று ஆற்றின் மேலே குரல் கொடுத்துக்கொண்டு போனது. பேச நேரம் கிடைத்தது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இந்த ஆற்று நீர்தான் பாகூர் ஏரிக்குப் போகிறது என்று சொன்னேன். கிலாவில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு, அதில் தலையை முக்கக் கூடாது, மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா இருக்கக்கூடும் என்று எச்சரித்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள்.

காலையில் சாம்பலில் நீர் ஊற்றிக் கையால் கிளறிப் பார்த்து, சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மணலால் மூடினோம். பிறகு கோணிப்பையோடு கரையில் நடந்தோம். உடைந்த பாட்டில்கள்தான் அதிகம். மாடு மேய்க்கிறவர்கள் செருப்பில்லாமல் நடக்கிற இடம் அது. பை நிறைந்ததும் திரும்பினோம். கரை இன்னும் நீளம் இருந்தது.

போக நினைப்பவர்கள் நிலத்துக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள், ஊரிலும் ஒருவருக்குத் தெரியட்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வேண்டாம். விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே பாயை விரித்துவிடுங்கள்.