ஒரு காது ஜிமிக்கி

"பேர் சொல்லலையே, அப்புறம் என்ன?"

அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். எட்டு மாதம் ஆகிறது, இன்னும் அந்த வாக்கியத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

எங்கள் மேடைக் கவிதை நிகழ்ச்சியின் ஒத்திகைக்கு ஒரு தம்பி கொண்டுவந்த காதல் கவிதையில் கடல் இருந்தது, நிலா இருந்தது, மழை இருந்தது. பெசன்ட் நகரில் எங்கள் மொட்டை மாடி மைக் முன்னால் நிற்கிற பத்துப் பேரில் எட்டுப் பேரிடம் இந்த மூன்றும் இருக்கும். "இது யாருக்கு வேணும்னாலும் பொருந்தும். அவங்களுக்கு மட்டுமே உள்ள ஒண்ணைச் சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். சாயங்காலம் திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறியதும் அவள் இடது காது ஜிமிக்கியை மட்டும் கழற்றிவிட்டு இயர்போனை மாட்டிக்கொள்வாளாம். திருமயிலை வரும்வரை அந்த ஜிமிக்கி மூடிய கைக்குள்ளேயே இருக்கும். இறங்கும் முன்னால் மறுபடி போட்டுக்கொள்வாள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. "இதுதான்டா கவிதை" என்றேன்.

"அக்கா, இதைச் சொன்னா ஆபீஸ்ல தெரிஞ்சிடும்."

அதற்குத்தான் அந்தப் பதில்.

மேடைக் கவிதையில் கேட்கிறவர் பக்கத்தைத் திருப்பி விட்ட வரியை மறுபடி படிக்க முடியாது. 1980களில் சிகாகோவில் மார்க் ஸ்மித் என்ற கவிஞர் தொடங்கிய ஸ்லாம் என்கிற மேடைக் கவிதைப் போட்டிகள் வழியாகப் பரவிய மூன்று நிமிட வரம்பைத்தான் நாங்களும் வைத்திருக்கிறோம். அதற்குள் ஏதாவது ஒரு பொருள் கேட்பவர் கண்முன் வந்து நிற்க வேண்டும். அதனால் ஜிமிக்கி வரியை மூன்று இடத்தில் வரவைத்தேன். முதல் முறை பேச்சுவாக்கில். இரண்டாவது முறை கொஞ்சம் வேகமாக. மூன்றாவது முறை மைக்கை நெருங்கி, குரலை இறக்கிச் சொல்லிவிட்டு, இரண்டு மூச்சு சும்மா நிற்க வேண்டும். அவன் அப்படியே செய்தான். அந்த இரண்டு மூச்சு நேரம் மாடியில் ஒரு இருமல்கூட இல்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் சில தடவைதான் கேட்டிருக்கிறேன். அது பொய்யில்லை, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்று நிமிடத்திலிருந்து நாற்பது விநாடி வெட்டி ரீல்ஸாகப் போட்டதும் நான்தான். எந்த நாற்பது விநாடி என்று சொல்ல வேண்டியதில்லை.

நான்கு நாள் கழித்து போன் செய்தான். அவர்கள் ஆபீஸ் குரூப்பில் யாரோ அதைப் போட்டு, கீழே ஒரு ஜிமிக்கிப் படமும் வைத்திருக்கிறார்கள். "அவங்ககிட்ட நான் இன்னும் சொல்லவே இல்லைக்கா" என்றான்.

அதை நான் கேட்கவே இல்லை. காதல் கவிதை என்றதும் இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். சந்தம், மூச்சு, எந்த இடத்தில் நிறுத்துவது, எல்லாம் கேட்டேன்.

'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், யார் பெயரையும் சுட்டக் கூடாது. கல்லூரியில் படித்ததுதான், அந்தத் தைரியத்தில்தான் "பேர் சொல்லலையே" என்றேன் போல. ஆனால் அதோடு சேர்த்துப் படித்த இன்னொன்று நினைவுக்கு வரவில்லை. சங்கப் பாட்டான நெடுநல்வாடையின் 188 அடிகளில் எங்கேயும் அரசன் பெயர் கிடையாது. பிரிவில் வாடுகிற ஒரு பெண் இருக்கிறாள், வாடைக்காற்று இருக்கிறது. ஆனாலும் ஒரு வேலின் தலையில் வேப்பம்பூ கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அது ஒன்று போதும், இது அகம் ஆகாது, அரசனைப் பற்றிய புறப்பாட்டுதான் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதிவிட்டார். பெயர் வேண்டாம், பூவே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பையனுக்கு அது தெரிந்திருக்கிறது. பாடம் எடுக்கிற எனக்குத் தெரியவில்லை.

சில நாள் என்மேல் தப்பில்லை என்று தோன்றும். எழுதியது அவன், வாசித்தது அவன், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் அவன் வேண்டாம் என்றுதானே சொன்னான் என்பது உறைக்கும். வீடியோவை அன்றே எடுத்துவிட்டேன். அதற்குள் எத்தனை போனில் இறங்கியதோ.

மூன்று வாரம் கழித்து நேரில் வந்தான். கோபமெல்லாம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "இப்போ அவங்க ஜிமிக்கியே போடறதில்லைக்கா. லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல ஏறறாங்க" என்றான். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் டீ போட எழுந்து போனேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று அவனிடம் கேட்க நினைத்தேன். அதுவும் இன்னொரு முறை அவளைத் தேடிப் போவதாகிவிடுமே என்று விட்டுவிட்டேன். அது சரியா, இல்லை எனக்குப் பயமா என்று இன்றும் தெரியவில்லை.

போன வாரம் ஒரு பெண் கடலும் நிலாவுமாக ஒரு கவிதை கொண்டுவந்தாள். பழக்கதோஷம், "அவருக்கு மட்டுமே உள்ள ஒண்ணைச் சொல்லு" என்றுதான் ஆரம்பித்தேன். சொன்னாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதை எழுதறது அவருக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது" என்றாள். பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று அவள் மேடை ஏறவில்லை.

நல்ல கவிதையாக வந்திருக்கும் அது.