வில்லியனூரில் ஓர் ‘ஆம்’

புதுச்சேரிக்கு வரும் பிரெஞ்சுப் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் பதினோரு ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்துகிறேன். பேருந்தில் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு மைக்கைப் பிடித்துப் பேசுவது ஒரு வேலை. காரின் முன்னிருக்கையில் அமர்ந்து, பின்னால் இருக்கும் இரண்டு பேருக்காக மட்டும் பேசுவது முற்றிலும் வேறு வேலை. பேருந்தில் பாதிப் பேர் தூங்குவார்கள், கால்வாசிப் பேர் கைப்பேசியில் இருப்பார்கள். மனப்பாடமாகச் சொன்னாலும் காலம் ஓடிவிடும். தனிச் சுற்றுலாவில் அப்படி முடியாது. நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒருவர் காதில் போய் விழுந்து, கேள்வியாகத் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த ஒரு சொல்லைப் பற்றித்தான், இல்லை, ஒரு விகுதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு ஜனவரி மாதம், நான் அப்போது வேலை செய்துகொண்டிருந்த பயண நிறுவனத்திலிருந்து ஒரு முன்பதிவு வந்தது: அரை நாள், வில்லியனூர் லூர்து மாதா திருத்தலம், இரண்டு பேர், மொழி பிரெஞ்சு. விடுதியின் வரவேற்பறைக்குப் போனபோது, எழுபத்தெட்டு வயதுடைய பாட்டி ஒருவரும் இருபதைச் சற்றுத் தாண்டிய அவருடைய பேத்தியும் காத்திருந்தார்கள். பேத்திக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. பாட்டியோ என்னைப் பார்த்ததும், “உன் பேரு இன்னாம்மா? எந்தப் பக்கம் வூடு?” என்று கேட்டார். முத்தியால்பேட்டை என்றேன். “அப்ப நம்ம ஊருப் பொண்ணுதான்” என்றார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1954 நவம்பரில் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16-இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பம் அவருடையது. கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். எங்கள் ஊர்வழக்கில் சொன்னால் ‘சொல்தா’ வீடு. 1966-இல் கல்யாணமாகிப் போனவர், அதன் பிறகு ஊருக்கு வந்தது நான்கே முறை. அவருடைய ஆயா வீடு வில்லியனூரில் இருந்தது. ஆக, வில்லியனூரை அவருக்குக் காட்ட நான் தேவையில்லை. பேத்திக்கு அதைப் பிரெஞ்சில் சொல்லத்தான் என்னைக் கூலிக்குப் பிடித்திருக்கிறார்கள் என்பது காரில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. தன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் முன்னால் பேசுவது வழிகாட்டிக்கு வரக்கூடிய சங்கடங்களிலேயே பெரியது.

போகும் வழியில் மிஷன் வீதியில் சம்பா கோயிலில் கொஞ்ச நேரம் நிறுத்தினோம். பவுலின் பேரால் அமைந்த ‘சாம்பவுல்’ கோயில், மக்கள் வாயில் சம்பா கோயில் ஆயிற்று என்றும், இப்போது நிற்கும் கட்டடம் 1791-இல் முடிந்தது என்றும், அதற்கு முன்பு இருந்ததை 1761-இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் இடித்தார்கள் என்றும் வழக்கம்போலச் சொன்னேன். அதன் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயிலை 1748 செப்டம்பரில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சு காலத்தில் இடித்த கதையையும் சொல்வதா என்று ஒரு கணம் தயங்கினேன். அது வாய்வழிக் கதை அல்ல; அப்போது ஊரிலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கும் செய்தி. ஆனாலும், பக்தியோடு வந்திருப்பவர்களிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன். வழிகாட்டிகளில் பெரும்பாலோர் விட்டுவிடுகிற இடம் இது. அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போதுதான் இந்த மௌனம் என்னை உறுத்தியது. காரணம், அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்தது.

இந்திரா காந்தி சிலையைத் தாண்டி, ரெட்டியார்பாளையம், மூலக்குளம் என்று கார் போய்க்கொண்டிருந்தபோது, வில்லியனூர்ச் சுரூபத்தின் கதையைத் தொடங்கினேன். திருத்தலம் 1876-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு பிரான்சிலிருந்து மாதா சுரூபம் கப்பலில் வந்தது. அதை இறக்கும்போது பெட்டி மூன்று முறை விழுந்தது, ஆனால் சுரூபத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. இந்த இடத்தில் குரலைச் சற்றுத் தாழ்த்தி, “ஒரு கீறல்கூட” என்பதை இரண்டாம் முறை சொல்வது என் வழக்கம். பேருந்தில் இதற்கு எப்போதும் ஒரு ‘ஓ’ கிடைக்கும்.

பேத்தி ‘ஓ’ போடவில்லை. “இது எங்கே பதிவாகியிருக்கிறது?” என்று பிரெஞ்சில் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, படிக்கிற பிள்ளைகள் கேட்கிற கேள்விதான். எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கதையை எனக்கு முன்பு இந்த வேலையைப் பார்த்த ஓர் அண்ணனிடமிருந்து கேட்டிருந்தேன், அவர் யாரிடம் கேட்டாரோ. நான் விழிப்பதைப் பார்த்துப் பாட்டி குறுக்கிட்டார், தமிழில்:

“நீ சொன்னது எல்லாம் சரிதாம்மா. ஆனா வுழுந்துச்சுன்னு சொல்லிட்டியே. எங்க ஆயா வுழுந்துச்சாம்னுதான் சொல்லும்.”

பிறகு அவரே பேத்திக்குப் பிரெஞ்சில் விளக்கினார். பேத்தி தலையாட்டினாள். அந்த விளக்கத்தோடு அவளுக்குக் கேள்வி தீர்ந்துபோனது.

எனக்குத்தான் தீரவில்லை. நம்பிக்கை உள்ளவர்கள் அற்புதத்தை அடித்துச் சொல்வார்கள், படித்தவர்கள் ‘ஆம்’ போட்டுச் சொல்வார்கள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இங்கே நேர்மாறாக இருந்தது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறக்காத, அந்தச் சுரூபத்தின் முன் ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றியிராத நான், கதைக்குச் சூடேற்றுவதற்காக ‘விழுந்தது’ என்று சாட்சி சொன்னேன். வாழ்நாள் முழுவதும் அந்த மாதாவை வேண்டிக்கொண்டிருப்பவரோ, தன் ஆயா தந்த சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல், ‘ஆம்’ என்ற அந்த ஒற்றை விகுதியோடு சேர்த்துக் காப்பாற்றி வைத்திருந்தார். நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொல்லக் கேட்டேன், கேட்டதை உனக்குச் சொல்கிறேன் என்ற மூன்று வாக்கியங்கள் அந்த ‘ஆம்’ என்பதற்குள் இருக்கின்றன. அதில் சந்தேகம் இல்லை, மரியாதைதான் இருக்கிறது.

நான் பேசிக்கொண்டிருந்த மொழியிலும் இதற்கு வழி இல்லாமல் இல்லை. பிரெஞ்சுச் செய்தித்தாள்களில் உறுதிப்படாத செய்தியை எழுதும்போது, நிபந்தனைப் பொருளில் வரும் வினைவடிவத்தைத்தான் போடுவார்கள். நம் ‘ஆம்’ செய்யும் வேலையை ஏறக்குறைய அது செய்துவிடும். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மொழியை விற்றுச் சோறு தின்கிற எனக்கு இது தெரியாததல்ல. அந்த வடிவத்தைப் போட்டால் கதையில் விறுவிறுப்புக் குறையும் என்பதால் போடாமல் இருந்தேன், அவ்வளவுதான். நிறுவனத்தின் துண்டறிக்கை இதற்கும் மேலே போய், எல்லாவற்றுக்கும் முன்னால் ‘ஆசியாவிலேயே’ என்று சேர்த்திருந்தது. ஆசியாவை யார் சுற்றிப் பார்த்து எண்ணினார்கள் என்று நானும் கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பிரான்சில் இருக்கும் லூர்து நகரமே இந்த விஷயத்தில் எங்களைவிடக் கவனமாக இருக்கிறது. 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பதினெட்டு முறை மாதாவைக் கண்டதாக அந்த ஊர்ச் சிறுமி பெர்னதெத் சொன்னபோது அவளுக்கு வயது பதினான்கு. திருச்சபை உடனே கொண்டாடிவிடவில்லை. நான்கு ஆண்டுகள் விசாரித்து 1862-இல்தான் ஏற்றுக்கொண்டது. அங்கே குணமடைந்ததாகச் சொல்பவர்களைச் சோதிக்க 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து சொல்லியிருந்தும், அற்புதம் என்று திருச்சபை முறையாக அறிவித்தவை எழுபதைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இதை நான் சொன்னபோது பேத்தி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தத் துணிவில் இன்னொன்றையும் சொன்னேன்: வில்லியனூருக்குச் சுரூபம் வந்த 1877-இல் பெர்னதெத் உயிரோடு இருந்தாள். நெவேர் நகரத்து மடத்தில் நோயாளிக் கன்னியாஸ்திரியாக இருந்து, 1879 ஏப்ரலில் தன் முப்பத்தைந்தாம் வயதில்தான் இறந்தாள். அவளுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1933-இல். அதாவது, கண்டதாகச் சொன்னவள் உயிரோடு இருக்கும்போதே, அவள் கண்ட கோலம் கடல் தாண்டிச் சங்கராபரணி ஆற்றங்கரை வரை வந்துவிட்டது. இதற்கு ஒரு நல்ல ‘ஓ’ கிடைத்தது, பாட்டியிடமிருந்து.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினோம். கோயிலுக்குள் செருப்போடு போகக்கூடாதா என்று பேத்தி கேட்டாள். பிரான்சில் யாரும் கழற்றுவதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் இந்த ஊரில் சாமி இருக்கும் இடத்தில் கழற்றுவார்கள், எந்தச் சாமியானாலும் என்றேன். கொஞ்ச தூரத்தில் திருக்காமீசுவரர் கோயிலிலும் இதே கால்கள்தான் கழற்றி நடக்கின்றன. அந்தக் கோயில் தேரை ஆளுநர் வந்து வடம்பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து தொடர்கிறது. செவ்வாய்க்கிழமை காலை என்பதால் கூட்டம் இல்லை. உள்ளே இரண்டு பெண்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

பாட்டி முன் வரிசையில் முழந்தாளிட முயன்று, முடியாமல், பெஞ்சியின் விளிம்பில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து கருப்பு மணிச் செபமாலை ஒன்றை எடுத்தார். சிலுவையின் ஒரு கை தேய்ந்து மழுங்கியிருந்தது. மெல்லத் தொடங்கினார்: “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே.” பக்கத்தில் செபித்துக்கொண்டிருந்த பெண்களில் இளையவள் திரும்பிப் பார்த்தாள். அவள் சொல்லிக்கொண்டிருந்தது “அருள் நிறைந்த மரியே வாழ்க”. இப்போது எல்லாக் கோயில்களிலும் சொல்லப்படுவது அதுதான். செபம் ஒன்றேதான், இடையில் தமிழ் மாறியிருக்கிறது, பாட்டிக்கு மட்டும் அது 1966-இலேயே நின்றுவிட்டது.

பேத்தி என் பக்கம் குனிந்து, “அந்த முதல் சொல் என்ன? பாட்டி வீட்டிலும் தினம் சொல்வாள்” என்று கிசுகிசுத்தாள். பிரெஞ்சில் ‘கிராஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லை நான் அதற்கு முன்பு சரியாகப் பார்த்ததே இல்லை. பிரியம் என்றால் அன்பு. தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. அன்பினால் கொடுக்கப்பட்டது. பழைய மிஷன் தமிழ் எழுதிய சாமியார்களும் அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்களும், ‘கிராசியா’ என்ற இலத்தீன் சொல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, வடமொழியில் இரண்டு துண்டுகளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நான் அந்த இரண்டு துண்டுகளையும் தனித்தனியாகப் பிரெஞ்சில் சொன்னேன். பேத்தி அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்; ‘தத்த’ என்பதில் நாக்கு தடுக்கியது. அதற்குப் பிறகு கால் மணி நேரம் நான் பேசவில்லை. பேருந்துச் சுற்றுலாவில் கால் மணி நேரம் பேசாமல் இருந்தால் மறுநாள் நிறுவனத்துக்குப் புகார் போகும்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கோயிலுக்கு எதிரே இருக்கும் குளத்தைச் சுற்றி நடந்தோம். திருவிழாக் காலமாக இருந்தால் இங்கே நிற்க இடம் இருக்காது; ஈஸ்டர் முடிந்து கொடியேறினால் தேர்பவனி வரை ஊர் நிறைந்திருக்கும். இப்போது படியில் ஒரு குடும்பம் மட்டும் உட்கார்ந்து, மொட்டையடித்த குழந்தையின் தலையில் நீரை அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தது. பேத்தி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது லூர்து நகருக்குப் போனவள். அங்கே சுவர் ஓரமாகக் குழாய்கள் இருக்கும், வரிசையில் நின்று திருகிப் பிடிக்க வேண்டும், இங்கே படி இறங்கி நீரிடம் போக வேண்டியிருக்கிறதே என்றாள். பதினோரு ஆண்டுகளில் எனக்குத் தோன்றாத ஒன்று அது. நம் ஊரில் கோயில் என்றால் எதிரே குளமும் படியும் வேண்டும். மாதாவும் வந்த இடத்து வழக்கத்துக்கு வந்துவிட்டாள்.

“இந்தக் குளத்தில் லூர்துத் தண்ணீர் கலந்திருக்கிறதாமே?” என்று பேத்தி பிரெஞ்சில் கேட்டாள். அந்த நிபந்தனை வினைவடிவத்தைப் போட்டுத்தான் கேட்டாள். பாட்டி என்னைப் பார்த்தார். “அங்கிருந்து கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்களாம்” என்று நானும் அதே வடிவத்தில் பதில் சொன்னேன்.

பாட்டி ஒரு படி இறங்கினார். நானும் பேத்தியும் இரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பையில் இருந்து ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துச் சாய்த்துப் பிடித்தார். நீர் கொப்புளம் விட்டு உள்ளே போனது. மூடியை இறுக்கி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, ஈரத்தைப் புடவையில் துடைத்தார்.

“இதைப் பிளேன்ல வுடுவானாம்மா?”

கைப்பையில் வைத்தால் விடமாட்டார்கள், நூறு மில்லிக்கு மேல் திரவம் கூடாது, பெரிய பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்து அனுப்புங்கள் என்றேன். அன்று காலையிலிருந்து ‘ஆம்’ போடாமல் சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்டதற்காக அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே, காரின் கதவைத் திறந்துவிட்டேன்.