மழை நாட்களும் எக்கோ ஐசிகளும்

நவம்பர் 9

மழை விடவில்லை. அப்பாவின் குரல் இன்றைக்கும் அப்படியேதான், கரகரப்பு குறையவில்லை.

நவம்பர் 10

கட்டிலில் இருக்கிற அப்பா பாடினால் கோவிலில் பாடுகிற மாதிரி முழங்க வேண்டும். அதற்காக பி.டி.2399 டேட்டாஷீட்டைத் திரும்பவும் எடுத்தேன். மைக் செட் எக்கோ போர்டுகளில் காலங்காலமாகக் கிடக்கிற பதினாறு கால் ஐசி. ஆறாம் காலில் போடும் ரெசிஸ்டர்தான் எதிரொலி எவ்வளவு தாமதமாக வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. 27.6 கிலோ ஓம் போட்டால் 342 மில்லி நொடி. 2 கிலோ போட்டால் 52. காலை நேராக கிரவுண்டில் சேர்த்தாலும் 31க்குக் கீழே இறங்காது.

அந்த 31தான் இரவெல்லாம் மண்டைக்குள் ஓடுகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 31 மில்லி நொடிக்குப் பத்து மீட்டர். அதாவது, ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்புகிற நேரம். அதைவிடப் பக்கத்தில் ஒரு சுவரை இந்த ஐசியால் எழுப்ப முடியாது. வீட்டு அறைக்கு ஆகாது. கோட்டாறு சவேரியார் கோவிலுக்கு ஆகும், நன்றாகவே ஆகும்.

நவம்பர் 12

அக்கா ஃபோனில் கேட்டாள், கஞ்சி குடித்தாரா என்று. அரை டம்ளர்.

நவம்பர் 13

வடசேரியில் கடை அண்ணன் எம்.என்.3207 என்கிற பழைய எக்கோ ஐசி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இது டிஜிட்டல் இல்லை. தீயணைக்கிறவர்கள் வாளியைக் கைமாற்றுவதுபோல 1024 படிகளில் சிக்னலைக் கடத்தும். அந்தக் கைமாற்றலை ஓட்டுகிற கிளாக் 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் தாமதம் 51.2 மில்லி நொடி. இன்னும் மெதுவாக்கினால் கிளாக்கின் கீச்சொலி பாட்டோடு கேட்கும். வேண்டாம் அண்ணே என்றேன்.

"அப்பாக்கு எப்பிடி இருக்கு மக்கா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

நவம்பர் 15

எஃப்.வி.1 என்கிற டிஜிட்டல் ஐசியை வாங்கிவிடலாமா? கீத் பார் வடிவமைத்தது. இசைக் கருவி கம்பெனிகளான எம்.எக்ஸ்.ஆரைச் சேர்ந்து தொடங்கியவர், அலெசிஸைத் தொடங்கியவர், 2010இல் போய்விட்டார். கைக்கடிகாரத்தில் இருக்கிற 32,768 ஹெர்ட்ஸ் கிறிஸ்டலே இதற்குப் போதும், ஒரு நொடி வரை தாமதம், உள்ளேயே எட்டு புரோகிராம், அதில் ரிவெர்பும், அதாவது அறையின் முழக்கமும் உண்டு. ரிவெர்ப் என்று பார்த்தால் இதுதான் சரியான ஐசி, சந்தேகமே இல்லை. ஆனால் அது யாரோ ஒருவர் காதால் கேட்டுத் தீர்மானித்த அறை. எனக்கு வேண்டியது பாடகர் குழுவில் அப்பா நின்ற அந்த இடம். நானே ஒவ்வொரு சுவராகத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 16

கூரியர் வரவில்லை.

நவம்பர் 18

வந்தது. பி.டி.2399 மூன்று. ரெடிமேடாக விற்கிற பெல்டன் ரிவெர்ப் டப்பாவுக்குள்ளும் இதே ஐசி மூன்றுதான் இருக்கிறது என்பதில் ஒரு தைரியம்.

ஒலி ஆராய்ச்சியாளர் ஷ்ரோடர் 1962லேயே சொல்லிவிட்டார்: இயல்பான முழக்கமாகக் கேட்க நொடிக்கு ஆயிரம் எதிரொலி வேண்டும். மூன்று ஐசியை வைத்து அதை எட்ட முடியாது. ஒன்றின் வெளியீட்டை மற்றதற்குள் கொஞ்சம் ஊட்டினால் அடர்த்தி கூடும். தாமதத்தை நீட்டிச் சமாளிக்கலாம் என்றால், உள்ளே இருப்பது 44 கிலோபிட் மெமரி, இழுக்க இழுக்கக் கரகரக்கும். அப்பா குரலில் இப்போது இருக்கிற கரகரப்பே போதும்.

நவம்பர் 20

சாயங்காலம் காற்றும் மழையும், கரண்ட் போய்ப் போய் வந்தது. 40 மில்லிக்கு இறக்கி வைத்திருந்த ஐசி, கரண்ட் திரும்பியதும் எழும்பவே இல்லை. பவர் வருகிற கணத்தில் ஆறாம் காலில் ஒன்றிரண்டு கிலோ ஓமாவது இல்லையென்றால் இது அப்படியே உறைந்துவிடும். அரை நொடி கழித்து ரெசிஸ்டரைச் சேர்க்கிற மாதிரி ஒரு டிரான்சிஸ்டர் வைத்தேன். இப்போது ஒவ்வொரு தடவையும் எழும்புகிறது. ஒவ்வொரு தடவையும்! அப்பாவை எழுப்பிச் சொல்லலாமா என்றிருந்தது.

தூங்குகிறார். தூங்கட்டும்.

நவம்பர் 22

மூன்று ஐசிக்கும் 2 கிலோ, 2.7 கிலோ, 3.9 கிலோ ஓம். ஏறத்தாழ 52, 60, 75 மில்லி நொடி.

கட்டிலுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தேன். அப்பா ஒரு வரி பாடினார். பாதியில் நிறுத்தி, "பின்னால ஏதோ தட்டுது" என்றார். அந்தக் காது இன்னும் அப்படியே இருக்கிறது. எவ்வளவு நாளாயிற்று, அவர் ஒன்றைக் குறை சொல்லி!

நவம்பர் 23

தட்டுவது எது என்று தெரிந்துவிட்டது. அறுபதை ஐந்தால் பெருக்கினாலும் எழுபத்தைந்தை நான்கால் பெருக்கினாலும் 300. இரண்டும் அங்கே ஒன்றாக வந்து விழுகின்றன. மூன்றாவதை 67க்குப் பக்கம் இறக்க வேண்டும். 3.3 கிலோ கைவசம் இல்லை. டிசம்பர் 3 திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அப்பா காலையிலேயே கேட்டுவிட்டார், சரியாச்சா என்று. கடை திறந்ததும் போகணும்.